சுருட்டைச் சேமியாவும் என் நான்காம் மாத எடையும்

சோறு கொதிக்கிற வாசனை பட்டால் போதும், ஓடிப்போய்க் கொல்லையில் வாழையடியில் குனிந்துவிடுவேன். ரசம் தாளித்தால் வாந்தி. மோர் கடைந்தால் வாந்தி. யாராவது "சாப்ட்டாச்சா?" என்று அக்கறையாகக் கேட்டாலே பாதி வாந்தி வந்துவிடும். எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில் ஒரு வாடகை வீட்டில் நான் மூன்று மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது எங்கள் கொல்லை வாழை மட்டும்தான் நன்றாகச் சாப்பிட்டது.

என் மாமியார் ஒலக்கூர்ப் பக்கத்தில் பயிர் வைக்கிற சம்சாரி வீட்டுப் பெண். கேப்பைக் களி கிண்டிக் கிண்டி உரம் ஏறின கை. சாப்பிடாதவர்களைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வராது, சந்தேகம் வரும். "துன்றவ மனசுல கள்ளம் இருக்காது" என்பார். தின்னாத என் மனசில் என்ன கள்ளம் என்று முதல் வாரம் துருவித் துருவிப் பார்த்தார். இரண்டாவது வாரம் பயந்துவிட்டார். பயத்துக்குக் காரணம் இருந்தது. முந்தின வருடம் உண்டானது இதே மூன்றாம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் நான் வாழையடிக்குப் போகும்போதெல்லாம் அவர் பின்னாலேயே வந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார். 

லேடி டாக்டர் என்னை எடை மெஷின்மேல் நிறுத்தினார். போன மாதத்தைவிட இரண்டு கிலோ இறங்கியிருந்தது.

"அடுத்த மாசம் வரும்போது முள்ளு இந்தப் பக்கம் வந்திருக்கணும். வரலேன்னா இங்கயே படுக்க வெச்சிப் பாட்டில் ஏத்திடுவேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டு மாமியார் பக்கம் திரும்பினார். "ஏதாவது ஒண்ணு வயித்துல நிக்கணும். எது நிக்குதோ அதக் குடுங்க."

"எது நின்னாலுமா டாக்டரம்மா?"

"எது நின்னாலும்."

அப்படிச் சொன்னதற்கு அந்த டாக்டர் பின்னால் கொஞ்சம் வருத்தப்பட்டிருக்கலாம்.

எங்கள் சுவரை ஒட்டின வீட்டில் கோட்டக்குப்பத்து முஸ்லிம் அக்கா ஒருவர் குடியிருந்தார். அவர் வீட்டுக்காரருக்குத் துபாயில் வேலை. லீவில் வந்துபோனால் தெரு முழுக்க ஒரு மாதத்துக்கு சென்ட்டு வாசனை அடிக்கும். ஒருநாள் பதினொரு மணி வாக்கில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு வாசனை வந்தது. பூண்டா, மல்லியா, கோழிக் குழம்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத வாசனை. நான் வழக்கப்படி வாழையடிக்குப் புறப்பட எழுந்து நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. எச்சில்தான் ஊறியது.

"அக்கா, இன்னா சமையல்?" என்று சுவருக்கு மேலே குரல் கொடுத்தேன்.

"சமையலா? வெந்நி வெச்சிக்கினு இருக்கேன். நூடுல்ஸ்மா, அவரு கொணாந்தது."

"எனக்கு அது வேணும்க்கா."

புள்ளத்தாச்சி வாய்விட்டு ஒன்றைக் கேட்டுவிட்டால் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கேட்டவள் வீட்டோடு அது நிற்காது, கேட்டது யார் காதில் விழுந்ததோ அவர்களுக்கெல்லாம் கடமை. அக்காவும் அதே நம்பிக்கைக்காரர்தான். சாமி வேறானாலும் காது ஒன்றுதானே. அடுப்பை அணைத்த சூட்டோடு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மாமியார் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, சுருட்ட முடிய வெந்நில போட்டாப்ல?"

"சேமியா மாதிரிதான் பெரியம்மா."

"சேமியாவுக்கு ஏன் இந்தச் சுருட்ட?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குச் சுருட்டைச் சேமியா என்றே பெயர்.

கையால் எடுத்தால் நழுவியது. ஸ்பூனில் எடுத்தால் இரண்டு பக்கமும் தொங்கியது. கடைசியில் கிண்ணத்தையே வாய்க்குக் கொண்டுபோய் உறிஞ்சினேன். ஒரு இழை துள்ளி மேலேறி என் மூக்கில் ஒரு அடி அடித்துவிட்டு உள்ளே போனது. உப்பும் உறைப்புமாக அடியில் நின்ற தண்ணீரை அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு என் நாக்குக்கு உயிர் வந்தது. இன்றைக்கு யார் எனக்கு எவ்வளவு பெரிய விருந்து வைத்தாலும் அந்தக் கிண்ணத்துக்கு ஒரு படி கீழேதான்.

பிறகு காத்திருந்தோம். மாமியார் கையில் ஒரு பழைய சட்டியை ஏந்திக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"வருதா?"

"இல்லீங்க அத்தே."

"இப்ப?"

"இல்லீங்க."

"கூச்சப்படாத, வந்தா எடு."

அரை மணி நேரம் கழித்து ஒரு ஏப்பம் வந்தது. அக்கா கைதட்டினார்.

மாமியாரின் சந்தோஷம் மத்தியானம் வரைக்கும்தான். புதிதாக எது வீட்டுக்குள் வந்தாலும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். விதை நெல்லை அப்படித்தான் பார்ப்பார்கள். மிதந்தால் பதர், முங்கினால் மணி. அக்காவிடம் வேகாத நூடுல்ஸில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறார். அது மிதக்கவும் இல்லை, முங்கவும் இல்லை. மூன்று மணி நேரம் நிம்மதியாக ஊறி, டம்ளரையே அடைத்துக்கொண்டது. டம்ளரோடு சுவரோரம் போய் நின்றார்.

"இத்தினூண்டு போட்டேன், பாரும்மா. உள்ள போயி இப்பிடி ஊதினா கொழந்த எங்க ஒக்காரும்?"

"அது ஒக்கார்ற எடம் வேற, இது போற எடம் வேற பெரியம்மா," என்றார் அக்கா.

"இன்னா வேற எடம்? இருக்கறது ஒரே வயிறுதான?"

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இருந்தாலும் அறிவியல் புத்தகத்தில் பார்த்த குடல் படத்தை நினைவிலிருந்து எடுத்து விளக்கப் பார்த்தேன். "நீ உள்ள போயி பாத்துக்கினு வந்தியா?" என்று ஒரே கேள்வியில் என் படிப்பை முடித்து வைத்தார்.

பாவம், அவருக்குத்தான் பேஜாரு. கொடுக்காவிட்டால் காது போகும். கொடுத்தால் உள்ளே இட நெருக்கடி. இரண்டு நாள் யோசித்தார். அந்த இரண்டு நாளும் எனக்குக் கொடுத்த கஞ்சியெல்லாம் வாழைக்கே போயிற்று. மூன்றாம் நாள் காலையில் தீர்ப்புச் சொன்னார்: "காதுல சீழ் வந்தா காலத்துக்கும் கஷ்டம். எடம் பத்தலேன்னா அது கால மடக்கிக்கினு படுத்துக்கும். எங்க வூட்டு ஆளுங்களுக்கு ஒடுங்கிப் படுக்கத் தெரியும்."

அதற்குள் அக்காவிடம் இருந்தது தீர்ந்துபோயிருந்தது. திண்டிவனத்தில் நாங்கள் கேட்ட கடைகளில் சேமியாவைத்தான் எடுத்துக் காட்டினார்கள். என் வீட்டுக்காரருக்கு விழுப்புரத்தில் வேலை, தினமும் பாசஞ்சரில் போய்வருவார். அங்கே ஸ்டேஷன் பக்கத்துக் கடை ஒன்றில் இருப்பதைக் கண்டுபிடித்து, இருந்த பாக்கெட்டையெல்லாம் கேட்டிருக்கிறார்.

"புள்ளைங்களுக்கா சார்? எத்தினி பேரு?" என்று கடைக்காரர் கேட்டாராம்.

"இன்னும் பொறக்கலைங்க."

"பொறக்காத புள்ளைக்கே இத்தினியா? பொறந்துட்டா கடையவே தூக்கிக்கினு போயிடுவீங்க போலக்குதே!"

ரயிலில் கூட வருகிறவர்கள் முண்டியம்பாக்கம் வருவதற்குள் அவர் பையைக் குடைந்து பார்த்துவிட்டார்கள். "பொண்டாட்டிக்குப் பூ வாங்கிக்கினு போறவன பாத்திருக்கேன். சேமியா வாங்கிக்கினு போறவன இப்பத்தான் பாக்கறேன்" என்று ஒருவர் ஆரம்பித்துவைக்க, மயிலம் வரைக்கும் அதே பேச்சாம். இதையெல்லாம் அவர் துளியும் சிரிக்காமல் வந்து சொன்னார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்படிச் சிரித்தும் பல வாரம் ஆகியிருந்தது.

சமையல் பொறுப்பை மாமியார் எடுத்துக்கொண்டார். சோறு வடித்த கை சும்மா இருக்குமா? முதல் நாள் நூடுல்ஸை வேகவைத்துக் கஞ்சியை வடித்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு தரம் அலசி, மசாலாத் தூளை இட்லிப் பொடிபோல ஓரத்தில் வைத்துக் கொடுத்தார். "வடிக்காததத் துன்னா வாய்வு" என்றார். அதையும் சாப்பிட்டேன். அதுவும் நின்றது.

அடுத்த வாரத்திலிருந்து கிண்ணத்தில் பச்சைப் பச்சையாக ஏதோ தெரிய ஆரம்பித்தது.

"இன்னா அத்தே இது?"

"அது அதுலயே வர்றது."

"பாக்கெட்டுல முருங்கக் கீரையா வருது?"

"கம்பெனிக்காரன் புதுசா போட ஆரம்பிச்சிட்டான் போல. உன் புருஷனக் கேளு."

அதற்கடுத்த வாரம் கம்பெனிக்காரன் முட்டை போட ஆரம்பித்தான். பிறகு வறுத்து இடித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. தனியாகக் கொடுத்தால் முட்டை வாசனைக்கு நான் எழுந்து ஓடுவேன். அந்த மசாலா வாசனைக்குள் எல்லாம் பேசாமல் அடங்கிக் கிடந்தது. நான் கையும் களவுமாகப் பிடித்தபோது மாமியார் அசரவில்லை. "நாக்குக்கு வேணுங்கறத மேல வை, ஒடம்புக்கு வேணுங்கறத அடியில வை" என்றார். பழமொழியா என்று கேட்டேன். "இப்பத்தான் சொன்னேன். நாலு தபா சொன்னா பழமொழி ஆயிடும்" என்றார்.

மாதம் முடிகிற சமயத்தில் என் கால் லேசாக வீங்கியது. செருப்பு இறுக்கிப் பிடித்தது. மாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. உள்ளே ஊதுகிறது, கால் வழியாக வெளியே தெரிகிறது என்று முடிவு கட்டி, மறுநாள் காலையிலேயே ரிக்‌ஷாவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார். வழியெல்லாம் என் கையை விடவில்லை.

மெஷின்மேல் ஏறி நின்றேன். கீழே பார்க்கவே தைரியம் இல்லை. மாமியார்தான் குனிந்து பார்த்தார். அவருக்கு எண் தெரியாது.

"எந்தப் பக்கம் டாக்டரம்மா?"

"நல்ல பக்கம்தான். மூணு கிலோ ஏறியிருக்கா."

மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தும்மல் என்று பிறகு சொன்னார்.

டாக்டர் என் காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிரஷர் பார்த்தார். பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, "என்னதான் குடுத்தீங்க?" என்றார்.

"முருங்கக் கீர, முட்ட, மல்லாட்ட," என்றார் மாமியார் கணீரென்று. ஒரு வார்த்தை பொய் இல்லை.

"எதுல?" என்றேன் நான்.

என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு மெதுவாக, "சுருட்ட சேமியாவுல" என்றார்.

டாக்டர் சிரித்தே விட்டார். "கால் வீங்குதுல்ல, அந்த மசாலாத் தூள்ல உப்பு ஜாஸ்தி. இனிமே கால்வாசித் தூள் போதும். அந்த மைதாவுல ஒண்ணும் கெடையாதும்மா, வயிறு ரொம்பும், அவ்ளோதான். எட ஏத்தினது நீங்க ஒளிச்சி வெச்சதுதான். வாந்தி கொறைஞ்சதும் சோத்துக்கு வந்துடுங்க."

இப்போது அதைச் சொல்ல டாக்டரே வேண்டியதில்லை. மைதா, உப்பு, எண்ணெய் என்று அக்கம்பக்கத்துப் பெண்களே பட்டியல் வாசிக்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். தினமும் தின்னும் சாப்பாடு இல்லைதான் அது. ஆனால் ஒரு பருக்கை உள்ளே தங்காத நாளில் அது தங்கியது. தான் தங்கியதோடு நிற்காமல் கூட நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவு நன்றிகூட இல்லாமல் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் நேராகச் சுவரோரம் போனார். "கேட்டியாம்மா, மூணு கிலோ! எல்லாம் என் கீரையாலதானாம். அந்தச் சுருட்ட சேமியாவுல ஒண்ணுமே இல்லியாம். டாக்டரம்மாவே சொல்ட்டாங்க."

"அப்டியா பெரியம்மா? அப்ப மீதி இருக்கற பாக்கெட்ட இந்தப் பக்கம் தள்ளுங்க. எனக்காவது ஆகும்," என்றார் அக்கா.

மாமியார் அடுக்களைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார்:

"அதெப்டி குடுக்க முடியும்? நாளைக்கி கீரைய எதுக்குள்ள வெச்சி ஒளிக்கறது?"