நெசவுத் தெருவில் நிறுத்திய மோட்டார் சைக்கிள்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தாம்பரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் கணவர் பாஸ்கர் கேட்டது ஒரே கேள்வி.

"அந்தப் பேச்சு இன்னும் நிக்குதா உமா?"

"நிக்குது."

பேச்சு இதுதான். என் முந்நூற்றைம்பது சி.சி. வண்டியின் எடை நூற்றுத் தொண்ணூற்றைந்து கிலோ. நான் ஐந்தடி ஓர் அங்குலம். உட்கார்ந்தால் முன்பாதங்கள் மட்டும்தான் தரையைத் தொடும். ஓடும்போது அந்த எடை எங்கே போகிறதென்றே தெரியாது. நின்றால்தான் வம்பு. போன மாதம் எங்கள் குடியிருப்பில், வண்டி நிறுத்துமிடத்துக்கு இறங்கும் சரிவில் தள்ளிக்கொண்டு போனபோது என் மேலேயே சாய்ந்துவிட்டது. பிடிக்க வந்த பாஸ்கரை, "தொடாதீங்க, நானே பாத்துக்கறேன்" என்று அதட்டிய அடுத்த நொடியில் அது நடந்தது. கிளட்ச் லீவர் வளைந்தது, கணுக்கால் வீங்கியது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். "காஞ்சிபுரம் போயிட்டு வரேன். ஒரு தடவை கீழ போட்டாலும் வித்துடறேன்" என்று நானாகவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நாற்பத்து நான்கு வயதில் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. இப்போது விற்றால் இன்னொன்று வாங்கும் துணிச்சல் எனக்கு வராது.

வண்டலூர், ஒரகடம், வாலாஜாபாத் வழியாக அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஒரகடம் வரை கன்டெய்னர் லாரிகள் பக்கத்தில் உறுமிக்கொண்டே வந்தன. அதைத் தாண்டியதும் சாலை விரிந்து, இருபக்கமும் வயல்கள் தெரிந்தன. வண்டி அறுபது, எழுபதில் சிணுங்காமல் போனது. இந்த வேகத்தில் இதை யாரும் என்னிடமிருந்து பறித்துவிட முடியாது என்று தோன்றியது. வாலாஜாபாத்தில் டீக்கு நிறுத்தினேன், பதினைந்து ரூபாய். கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஒண்டியாவா வந்துக்கினு இருக்கீங்க?"

"ஆமாங்க."

"இவ்ளோ பெருசா இருக்குதே, வுழுந்தா எப்டிமா தூக்குவீங்க?"

இப்படி ஒரு வண்டியை ஆண் நிறுத்தினால் மைலேஜ் எவ்வளவு என்று கேட்பார்கள். என்னிடம் மட்டும் எல்லோரும் தூக்குவதைப் பற்றியே கேட்கிறார்கள். முதுகைச் சீட்டோடு ஒட்டிக் கொடுத்து, முட்டியை மடக்கி, காலால் பின்னோக்கித் தள்ளி எழ வேண்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதுக்கு என்னைக் கூப்ட்டா ரெண்டு நிமிஷத்துல ஆயிடும்" என்றார். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கிளம்பினேன்.

காஞ்சிபுரத்தில் என் கல்லூரி விடுதித் தோழி பர்வீன் இருக்கிறாள். ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள். அவள் வீடு நெசவாளர்கள் தெரு ஒன்றின் கடைசியில். அதற்கு மேல் வழி கிடையாது. வாசலில் உயரமாக இரண்டு படி இருந்ததால் வண்டியை உள்ளே ஏற்ற முடியவில்லை. வெளியே சுவரோரம் நிறுத்தினேன். அங்கே தரையில் கல் பதித்த சின்னக் குழி ஒன்று இருந்தது. தண்ணீர் போக வைத்ததாக்கும் என்று நினைத்து, அதன் மேல் ஒரு டப்பா மூடியைப் போட்டு, மூடியின் மேல் வண்டியின் ஸ்டாண்டை இறக்கினேன். அசையாமல் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பகலில் மிளகும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லி சாப்பிட்டுவிட்டு, பர்வீனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திருப்பருத்திக்குன்றம் போனேன். ஊரை ஒட்டிய கிராமம்தான். அங்குள்ள சமணக் கோயிலின் விதானம் முழுக்க ஓவியம். வரிசை வரிசையாக மனிதர்கள், பல்லக்குகள், ஊர்வலங்கள். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன். பல்லக்குத் தூக்குபவர்களின் கால்கள் எல்லாம் ஒரே பக்கம் நடப்பதைப் பார்த்து, எடை எந்தத் தோளில் இறங்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பர்வீனுக்குச் சிரிப்பு.

"கோயிலுக்கு வந்தும் உன் வண்டி நெனப்புதானாடீ? வரும்போது ஒரு பள்ளத்துல நீ காலை ஊனினே பாரு, எனக்கு உயிரே போயிடுச்சு."

"விழலையே?"

"அல்லா காப்பாத்தினாரு. நீ இல்ல."

மாலையில் திரும்பி வந்து, வண்டியை அதே மூடியின் மேல் நிறுத்திவிட்டு, வாசலில் உட்கார்ந்து சங்கிலியைத் துடைத்தேன். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை மண்ணைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டால் இந்த வண்டி சாதுவாக இருக்கும். விட்டால் கரகரவென்று முனகும். எண்ணெய் ஸ்பிரேயை நான் பீய்ச்சியதும் பக்கத்து வீட்டு சரசு எட்டிப் பார்த்தாள். அவளும் அவள் கணவர் மணியும் பட்டு நெய்கிறவர்கள்.

"இப்ப அடிச்சா பரவால்லக்கா. காலைல மட்டும் அடிக்காதீங்க. நாளைக்கு எங்க பாவு வெளிய வருது."

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். கஞ்சி தோய்த்து, தெருவில் நீட்டிக் கட்டிக் காயவைத்துச் சீர்செய்வார்கள் என்று சொன்னாள். ஈரப் பட்டில் புகை, தூசி, எண்ணெய்த் துளி எது பட்டாலும் ஒட்டிக்கொள்ளுமாம். அடிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு, விடிந்தும் விடியாத நேரம். பர்வீன் என்னை உலுக்கி எழுப்பினாள். வாசலுக்கு ஓடினேன். தெரு முனையில் கட்டை நட்டு, அங்கிருந்து மாம்பழ மஞ்சளில் ஈரப் பட்டை விரித்துக்கொண்டே மணி என் வண்டி வரை வந்துவிட்டார். இந்தப் பக்கத்துக் கட்டையை நட வேண்டிய குழியின் மேல் என் வண்டி நின்றது. நான் தண்ணீருக்கென்று நினைத்தது அந்தக் குழியைத்தான்.

"வண்டிய எடுங்கம்மா, சீக்கிரம். ஸ்டார்ட் மட்டும் பண்ணாதீங்க" என்றார் மணி. பாவின் முனை அவர் கையில் இருந்தது. அவரால் நகர முடியாது.

அங்கே ஒதுக்கி வைக்க இடமில்லை, தெரு முனை வரை தள்ளித்தான் போக வேண்டும். இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் ஒரு முழத் தூரத்தில் பட்டு. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நான். என் பக்கம் சாய்ந்தால் எனக்கு அடி. அந்தப் பக்கம் சாய்ந்தால்?

"பின்னாடி கம்பிய நான் புடிச்சிக்கிறேங்க்கா" என்று சரசு வந்தாள்.

'வேண்டாம், நானே பாத்துக்கறேன்' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் பந்தயம் கட்டியது இதற்குத்தானே? ஆள் துணையோடு தள்ளினால் அது என்ன கணக்கு?

அதற்குள் மணி சொன்னார்: "மூணு கல்யாணப் பொடவைமா."

வெட்கமாக இருந்தது. என் வீம்பைச் சோதித்துப் பார்க்க இன்னொருவர் பட்டுதானா கிடைத்தது?

"புடிங்க சரசு. கெட்டியா" என்றேன்.

தள்ளினோம். பாதித் தூரத்தில் சாக்கடை மூடி ஒன்று தூக்கிக்கொண்டிருந்தது. முன்சக்கரம் அதில் இடித்து, ஹேண்டில் திரும்பி, வண்டி வலப்பக்கம் சரிந்தது. என் கைகளில் இருந்த பலமெல்லாம் போதவில்லை. அந்த எடை என்னை விட்டுப் போய்க்கொண்டிருப்பதை உணர்ந்தேன். பின்னாலிருந்து சரசு, "எம்மா!" என்று கத்திக்கொண்டே கம்பியைச் சுவர்ப் பக்கம் இழுத்தாள். வண்டி நின்றது. கைப்பிடியின் நுனிக்கும் மஞ்சள் இழைகளுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. தெரு முனைக்குப் போய் ஸ்டாண்டைப் போட்டேன். அழுகை வந்தது, அழவும் செய்தேன். சரசு முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"வண்டி இன்னா கனம்க்கா! எங்க தறியே தேவல."

திரும்பி வந்ததும் மணி, "அழுதது போதும், இந்த முனைய புடிங்கம்மா" என்று பாவை என் கையில் கொடுத்துவிட்டுக் கட்டையை நட்டார். பட்டு இவ்வளவு இழுக்கும் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் தளர்ந்தாலும் நடுவில் தொய்ந்தது. தெருவில் போன ஒருவர் சைக்கிளைச் சாத்திவிட்டு, யாரும் கூப்பிடாமலே வந்து என் பக்கத்தில் பிடித்தார். கட்டையில் கட்டியதும் போய்விட்டார். மணி அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. அந்தத் தெருவில் அது சொல்ல வேண்டிய விஷயமாக யாருக்கும் படவில்லை.

பாவைச் சுருட்டிய பிறகே வண்டியைக் கிளப்பினேன். வாலாஜாபாத்தில் வழி பிரிந்து, ஆறுகள் கூடும் திருமுக்கூடலுக்குப் போனேன். பாலாற்று மணலைப் பார்த்தபடி, பாஸ்கரிடம் என்ன சொல்வதென்று யோசித்தேன். கீழே விழவில்லை என்பது உண்மை. நான் பிடித்து நிறுத்தவில்லை என்பதும் உண்மை. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் என் பந்தயத்தில் இதற்கு இடம் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது பாஸ்கர் சரிவின் உச்சியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அன்று போட்ட உத்தரவை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

"விழுந்துச்சா?"

"விழப் பாத்துச்சு. ஒருத்தி பிடிச்சா."

"அப்ப விக்கணுமா, வேண்டாமா?"

நான் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன். சரிவைப் பார்த்தேன். அதே சரிவு, அதே வண்டி.

"அத அப்புறம் பேசலாம். பின்னால கம்பிய கொஞ்சம் பிடிங்க" என்றேன்.

அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். வாங்கி எட்டு மாதமான வண்டியில், எந்த இடத்தைத் தொடுவது என்று தெரியாமல் தடவிக்கொண்டு நின்றார்.

"எந்தக் கம்பி உமா?"