எங்கள் ஊருக்குள் பஸ் திரும்பிய நாள்

இலைக்கட்டைத் தலையில் ஏற்றியதும் முதலில் கழுத்துக்குப் பின்னால் ஒரு சில்லிப்பு இறங்கும். விடியலில் அறுத்த வாழையிலைகளின் மடிப்புகளில் தங்கியிருந்த பனி, சும்மாட்டை நனைத்துக்கொண்டு முதுகுத்தண்டு வழியாக வழியும். அது காய்வதற்குள் உடம்பு வேர்க்கத் தொடங்கிவிடும். விடுமுறை நாட்களில் எனக்கும் ஒரு சின்னக் கட்டு கிடைக்கும். அதைச் சுமந்துகொண்டு பெண்களின் வரிசையில் கடைசி ஆளாக மெயின் ரோடு வரைக்கும் நடப்பேன்.

கொள்ளிடத்தின் வடகரையில், நாமக்கல் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, ஒரு வாய்க்காலின் இரண்டு கரைகளிலும் அறுபது எழுபது வீடுகளோடு இருந்தது எங்கள் ஊர். வாய்க்காலில் தண்ணீர் வரும் மாதங்களில் நெல், மற்றபடி எந்தப் பக்கம் திரும்பினாலும் வாழை. பூவன், ரஸ்தாளி, நடுநடுவே கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால். தெற்கே வரப்பில் ஏறி நின்றால் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரியும், அதற்கும் பின்னால் மங்கலாக மலைக்கோட்டை தெரியும். கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் கால்களுக்கு அது தூரம்தான். மெயின் ரோட்டுக்கு நடந்து, அங்கே நிற்கும் பஸ்ஸைப் பிடித்து, டோல்கேட்டில் திரும்பி, கொள்ளிடப் பாலத்தையும் காவிரிப் பாலத்தையும் தாண்டி, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, கட்டோடு இன்னொரு பஸ் ஏறி காந்தி மார்க்கெட் போய்ச் சேர வேண்டும். எங்கள் ஊரில் யாரும் "டவுனுக்குப் போறேன்" என்று சொல்ல மாட்டார்கள். "ரோட்டுக்குப் போறேன்" என்பார்கள். ரோட்டை அடைந்துவிட்டால் பாதிப் பயணம் முடிந்த மாதிரி.

ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்குமேல் படிக்கிற பையன்கள் சைக்கிளில் போனார்கள். பெண் பிள்ளைகள் எட்டோடு நின்றார்கள். யாரும் அதைத் தடை என்று சொன்னதில்லை. "வாழைக்குள்ள தனியா நடந்து வரக் கூடாது" என்று மட்டும் சொன்னார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வாழை நின்ற அந்தப் பாதையில், பத்தடிக்கு அப்பால் யார் வருகிறார்கள் என்று தெரியாது என்பது உண்மைதான். நான் எட்டாம் வகுப்புக்கு வந்த வருடம் எங்கள் வகுப்பில் ஏழு பெண்கள் இருந்தோம். ஏழு பேருக்கும் அதுதான் கடைசி வருடம் என்பது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த வருடத்து ஆடி மழையில் ராசாத்தி அக்கா வாய்க்கால் கரையில் வழுக்கி விழுந்தாள். ஊரிலிருந்து மார்க்கெட்டுக்கு இலை கொண்டுபோகும் பெண்களில் அவள்தான் முன்னால் நடப்பவள். முப்பது வயதிருக்கும், உரத்த குரல், யாரிடமும் தயங்காமல் பேசுவாள். கட்டு தண்ணீரில் போய்விட்டது, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டோடு வீட்டில் இருக்க வேண்டியவள், எல்லாப் பெண்களிடமும் ஒரு தாளில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டு, பஸ்காரர்களின் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நாள் இல்லை, வாரக்கணக்கில். ஊருக்குள் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ் வேண்டும் என்பதுதான் மனு. கடைசியில் அங்கிருந்த ஆபீசர், "பஸ் உள்ள வர்றது பெரிசில்லைம்மா. வெளிய போகணும்ல? திருப்ப இடம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

ஊருக்குள் அப்படி ஒரு இடம் இருந்தது, ஆனால் நடுவில் வேலி இருந்தது.

ஊர் முகப்பில், வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில், என் தாத்தா காலத்தில் ஒரே களமாக இருந்த நிலம் அது. அப்பாவுக்குப் பாதி, பெரியப்பாவுக்குப் பாதி என்று பிரிந்த பிறகும் நெல்லடிப்பு சேர்ந்துதான் நடந்தது. பிறகு ஒரு கோடையில் மடைத் தண்ணீருக்காக இருவருக்கும் வாய்த்தகராறு வந்தது. அப்பாவின் முறை முடிவதற்குள் பெரியப்பா மடையைத் திருப்பிவிட்டார் என்பது எங்கள் வீட்டுக் கதை. முறை முடிந்தும் அப்பா விடவில்லை என்பது அவர்கள் வீட்டுக் கதை. மறுவாரமே களத்தின் குறுக்கே கிளுவைப் போத்துகள் நட்டாகிவிட்டது. ஐந்து வருடத்தில் அது மார்பளவு உயர்ந்து, கோழிகூட நுழைய முடியாத முள்வேலியாகிவிட்டது. அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அம்மாவும் பெரியம்மாவும் பேசக் கூடாது என்பதும் அதில் அடக்கம். ஆனால் துவைக்கிற படித்துறை ஒன்றுதான். இருவரும் அருகருகே நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், துணியிடம் பேசுவதுபோல் குனிந்தபடி பேசிக்கொள்வார்கள். "பெரியவளுக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னு தெரியலை" என்று அம்மா ஒரு துண்டைப் பார்த்துச் சொல்வாள். "நேத்தே விட்டுருச்சு, கஞ்சி குடிச்சா" என்று பெரியம்மா தன் கையிலிருக்கும் வேட்டிக்குப் பதில் சொல்வாள். யாராவது கேட்டால் இருவரும் பேசவில்லை என்று சத்தியம் செய்யலாம்.

ராசாத்தி அக்கா முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா கோபக்காரர் இல்லை, ஆனால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதிலேயே நிற்பவர். "அண்ணன் வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும். அன்னைக்கே வேலியைப் பிடுங்கிடறேன்" என்றார். அவள் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். "சின்னவன் வந்து கேக்கட்டும். நான் வேணாம்னா சொல்லப்போறேன்?" என்றார் அவர். மறுபடி இங்கே வந்தாள், மறுபடி அங்கே போனாள். ஐந்தாவது தடவை எங்கள் வாசலில் நின்று, "ரெண்டு பேரும் சரிங்கிறாங்க, ஆனா வேலி அப்படியே இருக்கு. நான் யார்கிட்ட போய் இதைச் சொல்லுவேன்?" என்று அழுதேவிட்டாள். மாவுக்கட்டோடு ஆபீஸ் ஆபீசாக அலைந்தபோது அழாதவள்.

அம்மா அப்போது அடுப்படியில் இருந்தாள். வெளியே வரவில்லை.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆட்கள் இல்லாத ஒரு பஸ் வாழைகளுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து வந்தது. இடத்தைச் சோதித்துப் பார்க்க ஆபீசர் அனுப்பிய பஸ். அவரும் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்திருந்தார். இருபக்கமும் இலைகள் ஜன்னல்களில் உரசிய சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. சின்னப் பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். நாங்கள் ஏழு பெண்கள் மதகுச் சுவரில் ஏறி நின்றோம்.

டிரைவர் வயதானவர், மெலிந்த உடம்பு. இறங்கி, எங்கள் பாதிக் களத்தைக் காலடியால் அளந்தார். வாய்க்கால் கரையில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். பிறகு ஏறி ஒரு தடவை முயன்றார். முன்னால் வேலியைத் தொட்டது, பின்னால் கரை மண் பொலபொலவென்று சரிந்தது. உடனே நிறுத்திவிட்டு இறங்கினார்.

"முடியாது சார். இன்னும் அரை அடி போனா பின் சக்கரம் வாய்க்கால்ல" என்றார்.

"அப்ப இடமில்லைன்னு எழுதிடலாம்" என்று ஆபீசர் பேனாவைத் திறந்தார்.

அப்பா வேலிக்கு இந்தப் பக்கம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸையே பார்த்து நின்றார். அந்தப் பக்கம் அதேபோல் துண்டோடு பெரியப்பா. இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நிற்கும் விதம். ஊரே இருவரையும் பார்த்தது. இருவரும் பஸ்ஸைத்தான் பார்த்தார்கள்.

அம்மா வீட்டுக்குள் போவதைப் பார்த்தேன். பார்க்கப் பொறுக்காமல் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது அவள் கையில் அரிவாள் இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து, வேலியின் நடுவில் முதல் வெட்டை வெட்டினாள்.

"ஏய், என்ன பண்ற நீ?" என்றார் அப்பா.

"அந்த டிரைவரு எவ்ளோ நேரம் வெய்யில்ல நிப்பாரு? நகருங்க, முள்ளு படும்" என்றாள் அம்மா. குரல் உயரவே இல்லை.

அப்பா நகர்ந்தார். அது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். நான்கைந்து வெட்டு விழுந்திருக்கும், வேலிக்கு அந்தப் பக்கம் "ணங்" என்று ஒரு சத்தம் கேட்டது. பெரியம்மா மண்வெட்டியால் தூரைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சும்மா இருங்க, எனக்குக் கை வலிக்குது. முடிஞ்சா அந்தக் கிளையைப் பிடிங்க" என்றாள் பெரியம்மா. பிறகு ராசாத்தி அக்கா வந்தாள், இலைக்காரப் பெண்கள் எல்லோரும் அரிவாளோடு வந்தார்கள், நாங்கள் ஏழு பேரும் மதகிலிருந்து குதித்து வெட்டின கிளைகளை இழுத்துப் போட்டோம்.

ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், கொஞ்ச நேரம் பாப்போம் சார். இவ்ளோ தூரம் வந்துட்டோம்" என்றார் டிரைவர். எங்கள் வீட்டிலிருந்து ஒரு சொம்பு மோர் அவருக்குப் போனது. உடனே பெரியப்பா வீட்டிலிருந்தும் ஒரு சொம்பு வந்தது. எதை வேண்டாமென்று சொன்னாலும் வம்பு என்று புரிந்துகொண்ட அந்த மனிதர், இரண்டையும் மிச்சமில்லாமல் குடித்தார்.

ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. பஸ் மறுபடி கிளம்பி, வெட்டின தூர்களின் மேல் ஏறி இறங்கி, களம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, மூன்றே தடவை முன்னும் பின்னுமாகப் போய், மூக்கை மெயின் ரோட்டுப் பக்கம் வைத்து நின்றது. யாரோ விசிலடித்தார்கள். நான் அம்மாவைத் தேடினேன். அவள் வாய்க்காலில் கைகளை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் முள் ஏறியிருந்தது. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்தே, "ஊசி கொண்டாரச் சொல்லு" என்றாள்.

தையில் பஸ் வந்தது. இரண்டு பக்கமும் வாழை கட்டி, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி அனுப்பினோம். அப்பா பல நாள் அம்மாவோடு நேரடியாகப் பேசவில்லை, "உங்கம்மாவைச் சோறு போடச் சொல்லு" என்று என் மூலமாகவே பேசினார். அண்ணன் தம்பி பகையும் அன்றே தீர்ந்துவிடவில்லை. ஒரே பஸ்ஸில் ஏறி, ஒருவர் முன் இருக்கையிலும் ஒருவர் பின் இருக்கையிலும் இருந்து வருடக்கணக்கில் பயணம் செய்தார்கள். பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று தெரிந்த அன்று, அப்பா யாரிடமும் சொல்லாமல் அதே பஸ்ஸில் ஏறி, அவர் இறங்கிய நிறுத்தத்தில் இறங்கி, ஆஸ்பத்திரி வாசலில் சாயங்காலம் வரை உட்கார்ந்து, கட்டுப்போட்ட கண்ணோடு வந்தவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். அதற்குப் பிறகு தேவையானதை மட்டும் பேசிக்கொண்டார்கள். அதிகம் பேசிக் கடைசிவரை நான் பார்க்கவில்லை.

அந்த ஜூனில் ஏழு பேரில் ஐந்து பேர் ஸ்ரீரங்கத்தில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தோம். மீதி இரண்டு பேருக்கு அதற்குள் கல்யாணம் பேசிவிட்டார்கள். பஸ் வந்து எல்லாம் மாறிவிட்டது என்று எழுத எனக்கு மனம் வராததற்கு அவர்கள் இருவரும் ஒரு காரணம். நான் படித்து, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்து, கோயம்புத்தூரில் குடியேறினேன். அம்மா எனக்காக வேலியை வெட்டினாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகளுக்கும் அப்படித்தான் சொன்னேன்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது மகள் அதைப் பாட்டியிடமே கேட்டாள். அம்மா கொஞ்சம் யோசித்தாள். "உங்கம்மா படிக்கணும்னு எனக்கு ஆசைதான். ஆனா அன்னைக்கு அதை நினைக்கலைடி. எங்கப்பாவைப் போய்ப் பாக்கணும்னு நினைச்சேன்" என்றாள்.

அம்மா பிறந்தது பச்சைமலைமேல் ஒரு சின்ன ஊரில். சாமையும் மரவள்ளியும் விளைகிற காடு. டோல்கேட்டில் துறையூர் பஸ் ஏறி, அங்கிருந்து நாளைக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ மலையேறும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மெயின் ரோடு வரை கொண்டுபோய் விட அப்பாவுக்கு நேரம் இருந்தால்தான் அவள் பிறந்த வீடு போக முடியும். அவருக்கு வருடத்தில் ஒரு தடவைதான் நேரம் இருந்தது. பஸ் வந்த முதல் வாரத்திலேயே அம்மா ஒரு மஞ்சள் பையோடு தனியாகக் கிளம்பியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று மட்டுமில்லை, மாதத்துக்கு ஒரு தடவை கிளம்பினாள். அம்மாவழித் தாத்தா அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். அந்த மூன்று வருடத்தில், கல்யாணமான பின் மொத்தமாகப் பார்த்ததைவிட அதிகத் தடவை அவரைப் பார்த்தாளாம். நான் என் புத்தகப் பையைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் அவள் பையை நான் கவனிக்கவில்லை.

இப்போது ஊரில் களம் சிமெண்டு போட்டு நிழற்குடையோடு இருக்கிறது. கிளுவை வேலி என்று எங்குமே இல்லை. வாழைத்தோட்டங்களில் பாதி மனைகளாகி, கல் நட்டுக் கிடக்கின்றன. இலைக்கட்டுகள் குட்டியானை வண்டியில் போகின்றன. தலைச்சுமை போனதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ராசாத்தி அக்காவின் மணிக்கட்டு இன்றும் மழைக்காலத்தில் வலிக்கிறது. வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டதால் பஸ்ஸில் கூட்டமும் இல்லை, அதை நிறுத்திவிடப் போவதாக அவ்வப்போது பேச்சு வருகிறது. அப்பாவும் பெரியப்பாவும் இப்போது இல்லை.

இந்த முறை நான் ஊரில் இருந்தபோது அம்மா மலைக்குப் போகக் கிளம்பினாள். மாமா வீடு அங்கேதான் இருக்கிறது. முழங்கால் வலியோடு மூன்று பஸ் மாறுவானேன் என்று, "கார் வெச்சுத் தரேம்மா, நேரா வீட்டு வாசல்ல இறங்கலாம்" என்றேன்.

"கார்னா நீயும் கூட வருவ" என்றாள். கோபமில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "பஸ்னா நான் மட்டும் போயிட்டு வரலாம்ல?"

பஸ் வந்து திரும்பி நின்றது. என் கையைப் பிடிக்காமல், கம்பியைப் பிடித்து ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள். "போயிட்டு வரேன்" என்றாள். நான் தலையாட்டிவிட்டு, பஸ் கண்ணுக்கு மறையும் வரை அங்கேயே நின்றேன்.