ட்றக் கூரைக்குள் ஒரு சத்தம்

1. சின்ன வேலை

இரும்பைத் தின்னும் கறளை, அந்தத் துருவைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். வாகனத் தகரம் அடித்து ஒட்டுகிற ரிங்கரிங் வேலைக்காரர் எல்லோருக்கும் அப்படித்தான். வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்கும், விரலால் அழுத்தினால் தகரம் பப்படம் மாதிரி நொறுங்கும். வாகனத்தைக் கொண்டுவந்தவரோ "சின்ன வேலைதானே அண்ணை" என்பார். உண்மையிலேயே சின்ன வேலையோடு பரந்தனில் இருக்கும் என் கராஜுக்கு வந்த ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

யோகராணியும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் வந்தார். ஊர் கண்டாவளைப் பக்கம். கணவர் காலமான பிறகு, இராணுவம் ஏலத்தில் விட்ட பழைய ஆமி ட்றக் ஒன்றை வாங்கி, தானே ஓட்டி, நெல் மூட்டை ஏற்றிப் பிழைக்கிறவர். அறுவடை தொடங்குவதற்குள் கூரை ஒழுக்கை நிறுத்தவேண்டும். ட்றக் கராஜில் முடங்கிக் கிடந்தால் அந்தப் போகத்து உழைப்பு முழுவதும் வேறு லொறிக்காரருக்குப் போய்விடும்.

"மழை பெய்தால் உள்ளுக்குள்ள குடை பிடிச்சுக்கொண்டு ஓட்டுறன் அண்ணை. மடியெல்லாம் தண்ணி. றோட்டில பாக்கிற சனம் சிரிக்குது."

கூரையில் ஏறிப் பார்த்தேன். அந்த வகை ட்றக்குகளில் சாரதிக்குப் பக்கத்து இருக்கைக்கு மேலே, ஆள் எழும்பி நின்று வெளியே பார்க்க வட்டமான வாசல் ஒன்று இருக்கும். யாரோ அதை ஒரு தகரத்தால் மூடி, சுற்றிவரப் போல்ட் போட்டு, தாரைப் பூசி விட்டிருந்தார்கள். தாருக்கு அடியில் மழைத் தண்ணீர் தேங்கித் தேங்கி, எது போல்ட் எது தகரம் என்று தெரியாதபடி எல்லாம் ஒரே கறள். செய்தவனைத் திட்டாமல் இருக்க முடியவில்லை.

"வேறை என்ன குறை தங்கச்சி?"

"கூரைக்குள்ள ஏதோ ஒரு சாமான் உருளுது. பிறேக் பிடிச்சால் கடகட எண்டும். ஸ்பனரால ரெண்டு தட்டுத் தட்டினால் நிண்டிடும்."

"கழண்ட நட்டாய் இருக்கும். திறக்கேக்க எடுத்துத் தாறன்."

கறள் பிடித்த போல்டை அவசரப்பட்டு முறுக்கினால் தலை முறிந்து கையோடு வரும். அதனால் எங்கள் வழக்கம், டீசலை ஊற்றி இரவு முழுவதும் ஊறவிடுவது. கறள் இளகிவிடும், காலையில் போல்ட் சொன்ன பேச்சுக் கேட்கும். நானும் ஊற்றினேன். கை தாராளம். சந்து பொந்தெல்லாம் இறங்கட்டும் என்று போத்தலைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

2. மூடியைத் திறந்தபோது

காலையில் போல்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. டீசலின் புண்ணியம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உளியைக் கொடுத்து மூடியை நெம்பித் தூக்கினேன். வெளிக் கூரைக்கும் உட்கூரைக்கும் இடையில் ஒரு பள்ளம். அதில் டீசல் தேங்கி நின்றது. அந்த டீசலுக்குள் கிடந்தது ஒரு கைக்குண்டு.

போர் நடந்த எங்கள் பக்கத்தில் அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எத்தனை பள்ளிக்கூடச் சுவரில் படம் போட்டு "தொடாதே" என்று எழுதி வைத்திருந்தார்கள்! கையில் பிடித்த தகரத்தைக் கீழே வைக்கவும் பயம், பிடித்துக்கொண்டு நிற்கவும் பயம். கால் தானாக நடுங்கியது. அந்த நடுக்கத்தில் கூரை அசைய, குண்டு பள்ளத்துக்குள் ஒரு சின்னப் புரட்டுப் புரண்டது. கடகட.

அந்த நேரம் பார்த்து யோகராணி எனக்குக் கீழே, ட்றக்குக்குள் இருக்கிறார். வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தவர், சாரதி இருக்கையில் விட்டுப்போன பையை எடுக்க ஏறியிருக்கிறார். சத்தம் அவருடைய காதில் விழுந்தது. பழகிய கை, ஸ்பனரை எடுத்து உள்ளேயிருந்து கூரையில் ஓங்கி ஒரு தட்டு.

"தட்டாதை! ஐயோ, தட்டாதை!"

அவரோடு அதுவரை ஒருநாளும் நான் மரியாதை இல்லாமல் பேசியதில்லை.

"ஏன் அண்ணை கத்துறியள்? அந்தச் சாமான்தான்..."

"தங்கச்சி, ஒண்டும் கேளாதையுங்கோ. மெல்ல இறங்கிக் கேற்றுக்கு வெளியால போங்கோ. ஓடாதையுங்கோ."

அவர் இறங்கி, அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தார். கேற்றைத் தாண்டிப் போனார். நான் தகரத்தை நெஞ்சோடு அணைத்தபடி, பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கினேன். நிலத்தில் கால் பட்டதும் நானும் கேற்றுக்கு வெளியே போனேன்.

3. எண்ணெய் போட்டது யார்?

பொலிசுக்குச் சொன்னோம். அக்கம்பக்கத்துக் கடைகளைப் பூட்டி ஆட்களை அப்புறப்படுத்தினார்கள். பிறகு குண்டு அகற்றுகிறவர்கள் வந்தார்கள். அவர்கள் அதை எடுத்துப்போய் வெறும் வெளியில் வைத்து வெடிக்கச்செய்த சத்தம் கராஜ் வரைக்கும் கேட்டது. யோகராணி காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார்.

திரும்பி வந்தவர்களில் தமிழ் தெரிந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, இதுக்கு எண்ணெய் போட்டது யார்?"

"நான்தான். டீசல். கறள் இளகட்டும் எண்டு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "குண்டை வெடிக்காமல் பிடிக்கிற பின் முறிஞ்சுபோச்சு ஐயா. மிச்சத் துண்டைக் கறள்தான் பிடிச்சு வைச்சது. கறள் போனால் பின் கழண்டு வரும். பின் வந்தால்..." மேலே சொல்லாமல் கையை விரித்துக் காட்டினார்.

வாழ்நாள் முழுவதும் நான் திட்டித் தீர்த்த கறள், அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே குண்டின் பின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அந்தப் பிடியை இளக்க நான் டீசல் ஊற்றியிருக்கிறேன். குண்டை அதற்குள் யார் வைத்தார், எப்போது வைத்தார் என்பது எனக்குத் தெரியாது.

கேட்டுக்கொண்டு நின்ற யோகராணி மெல்லிய குரலில் சொன்னார்:

"வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊர்ப் பிள்ளையள் எல்லாரையும் ஏத்திக்கொண்டு போனனான் அண்ணை. வழி முழுக்கத் தட்டித் தட்டித்தான் போனனான்."

அதற்குப் பிறகு அவர் அழுது தீர்த்தார். ட்றக்கை விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

இந்த வேலைக்கு வருகிற தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். பழைய இரும்பு எதுவாக இருந்தாலும், மூடிக் கிடக்கிற இடத்துக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் எண்ணெய் ஊற்றாதீர்கள், கிறைண்டர் வைக்காதீர்கள். வாடிக்கையாளர் "ஒரு சத்தம்" என்று சொன்னால் நட்டு என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். அப்படி முடிவுகட்டின ஆள் நான்.

அறுவடை தொடங்கியதும் யோகராணி வந்தார். வராமல் என்ன செய்வது, வயிறு இருக்கிறதே. கூரையைப் புதுத் தகரத்தால் அடைத்து, வெல்டிங் செய்து, பெயின்ற் அடித்து வைத்திருந்தேன். ஏறி ஸ்டார்ட் செய்து, வாசல் வரை போய் பிறேக் பிடித்தார்.

எங்கேயோ கடகட என்றது.

அவருடைய கை பழக்கத்தில் ஸ்பனரோடு மேலே போனது. பாதியில் நின்றுவிட்டது. எஞ்சினை நிறுத்தினார், இறங்கினார், ட்றக்கை விட்டுத் தள்ளிப்போய் மதிலோடு நின்றார்.

"அண்ணை, அது என்ன சத்தமெண்டு ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன். கதவுக் கைப்பிடியில் ஒரு நட்டுத்தான் கழன்றிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் ட்றக்கில் ஏறினார்.