கூரை தட்டையான கார்

மாமனாரின் பிறந்தநாளுக்குக் கொடுக்க, அவர் முப்பது வருடம் ஓட்டிய காரின் குட்டி மாதிரி செய்யும் பிளாஸ்டிக் கிட் வாங்கி ஒட்டியிருந்தேன். பெயின்ட் அடிக்க அவனியாபுரத்தில் கார் ஒடுக்கெடுத்துப் பெயின்ட் அடிக்கும் ஒரு டிங்கரிடம் போனேன். ஒல்லியான மனிதர், புருவமெல்லாம் பட்டி தேய்த்த தூள். எந்த வண்டியையும் கண்ணை மூடித் தடவித்தான் பார்ப்பார். உள்ளங்கையளவு காரையும் அப்படியே தடவினார்.

"கிட்டு செஞ்சவன் தப்பு பண்ணிட்டான்ணே. கூரை தட்டையா இருக்கு."

மறுநாள் பிறந்தநாள். எனக்கு வியர்த்த வியர்வையில் ஒட்டிய பசையே இளகியிருக்கும். "மாமா கண்டுபிடிச்சிருவாராண்ணே?"

"அவரு உள்ள உக்காந்துல்ல ஓட்டுனாரு. கூரைய எங்க பாத்தாரு?"

"அப்புறம் ஏன் எங்கிட்டச் சொன்னீங்க?"

"கைக்குத் தெரிஞ்சுபோச்சே, எப்படி மறைக்கிறது?"

மாமனார் பிரமாதம் என்றார். அந்த வார்த்தையை டிங்கர் வாயால் கேட்க முடியவில்லையே என்றுதான் எனக்கு இன்னும் ஏக்கம்.