சமயபுரத்து மொட்டை

போன தேர்தலில் நான் ஓட்டுப் போடாமல் திரும்பியதற்குக் காரணம் என் மொட்டைத் தலை. சமயபுரத்தில் வேண்டுதலை முடித்த மறுநாள் ஸ்ரீரங்கத்தில் வாக்குப்பதிவு. சாவடியில் ஒரு கட்சியின் ஏஜெண்ட்டாக உட்கார்ந்திருந்தவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். முந்தின வாரம்தான் என் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு, "அக்கா, உங்க ஓட்டு எங்களுக்குத்தானே?" என்று பல்லிளித்தார். இல்லை என்று சொல்லியிருந்தேன்.

என் அட்டையை எட்டிப் பார்த்த அந்த மகானுபாவர், "சார், படத்துல இருக்கறது இவங்க இல்லீங்க" என்றார். ஆதாரை நீட்டினேன். அதிலும் நீளப் பின்னல். "ரெண்டுலயும் முடி இருக்கேம்மா" என்று அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

மகானுபாவர் தலையும் மொட்டைதான். அதே சமயபுரம், அதே சந்தனம். கழுத்தில் தொங்கிய அட்டையில் மட்டும் சுருட்டை முடி.

"அப்ப அவரோட அட்டையையும் பாருங்க சார்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரை எல்லாருக்கும் தெரியுமேம்மா."