சகலன் வீட்டுச் சூரியன்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவான். மாமியின் வளவுக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் நான், மூத்த மருமகன். மற்றதில் என் மனைவியின் தங்கையைக் கட்டிய சகலன். வளவில் லைன் கரண்ட் முதலில் வந்தது என் வீட்டுக்கு. பொழுதுபட்டால் மாமி வெற்றிலை வட்டாவோடு என் வீட்டுக்குத்தான் வந்து, உள்ளறையில் மகளோடு இருப்பார். பல்பை நானே கண்டுபிடித்தவன்போல நடந்துகொள்வேன்.

எண்பதுகளின் நடுவில் சகலன் சவூதியிலிருந்து வந்தான். கொண்டுவந்த சாமான்களில் வெயிலில் கரண்ட் எடுக்கும் ஒரு கண்ணாடிப் பலகையும் இருந்தது. சமையல் சாய்ப்பான குசினிப் பத்தியின் தாழ்ந்த கூரையில் அதைப் பூட்டி, கீழே ஒரு பேட்டரி வைத்தான். லைன் கரண்ட் அடிக்கடி போகிற காலம். என் வீடு இருண்டு கிடக்கும்போது அவன் வீட்டில் டிவி ஓடியது. வேலிக்கு மேலால் வயர் இழுத்து, பக்கத்து வீட்டுக்கு ஒரு பல்புக்குக் கரண்டும் விற்றான்.

"காக்கா, வெளிநாட்டில மிச்சக் கரண்ட அரசாங்கத்துக்கே விக்காங்களாம்" என்றான். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

"நம்மட நெல்லையே ஒழுங்கா வாங்க மாட்டாங்க தம்பி. உன்ட வெயில வாங்கப் போறாங்களாக்கும்!"

பகிடிக்கு யாரும் சிரிக்கவில்லை. மாமியின் வட்டா அவன் வீட்டுக்குப் போய்விட்டது. எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் ஒரு பல்பு எரிந்திருந்தால் நானும் அரசாங்கத்துக்கு விற்றிருப்பேன். பலகையில் சாணி அப்பலாமா, சாக்குப் போடலாமா என்றெல்லாம் யோசித்தேன். கூரையில் ஏறப் பஞ்சி; உடம்பு வளையாமல் விட்டுவிட்டேன்.

ஆனால் சில நாளில் அவன் டிவி தானாகவே மங்கத் தொடங்கியது. ஒரு பின்நேரம் என்னிடம் வந்தான்.

"காக்கா, நீங்க என்னவும் செஞ்சீங்களா?"

"அல்லாஹ்வே, நான் கிட்டவும் போகல்ல!" நிரபராதியாக இருப்பது எனக்கே புதிதாக இருந்தது.

வாங்குப் பெஞ்சைப் போட்டு ஏறிப் பார்த்தவன், கை நிறைய நெத்தலிக் கருவாட்டோடு இறங்கினான். பலகை முழுக்கப் பரப்பிக் கிடந்ததாம்.

மருமகன்மாருக்கு முன்னால் வராத மாமி கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "நான்தான் காயப் போட்டன். கண்ணாடி நல்லாச் சுடுது, பூனையும் ஏறாது."

"கரண்டு, மாமி!"

"மத்தியானம் வரைக்கும் வெயில் குடிக்குதுதானே. வயலுக்குத் தண்ணி கட்டுற மாதிரி, ஒருக்கா நிறைஞ்சாக் காணாதா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூத்த மருமகனுக்கு நெத்தலி எண்டா உசிரு."

சகலன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

அன்று லைன் கரண்டும் இல்லை, அவன் பேட்டரியும் செத்துக் கிடந்தது. குப்பிலாம்பு வெளிச்சத்தில் பொரித்த நெத்தலியோடு நான் தின்ற சோறு கொஞ்சமல்ல. அவனுக்கும் ஒரு பீங்கானில் கொடுத்தனுப்பினேன். விலைக்கல்ல, சும்மாதான். வெறும் பீங்கானோடு கொழுந்தியா வந்தாள்.

"மச்சான், இன்னும் கொஞ்சம் இரிக்கா எண்டு கேக்காரு."

"முடிஞ்சி எண்டு சொல்லு" என்றேன், சட்டியை மூடிக்கொண்டு.