சும்மா நின்ற பிராசஸர்

சிறப்பு பிராசஸர் வாங்கியும் லைசென்ஸ் கட்டணம் குறையவில்லை. இப்படியே போனால் மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினியையே மூடிவிடுவோம் என்று வெளிநாட்டு இன்சூரன்ஸ் கிளையன்ட் சொல்லிவிட்டதாக மேனேஜர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். மூடினால் எங்கள் டீமும் இருக்காது. இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய சமயம் அது. நான் அங்கே டேட்டாபேஸ் நிர்வாகி.

மெயின்ஃப்ரேமின் பொது பிராசஸர் எந்த உச்சம் வரை ஓடுகிறதோ, அதை வைத்துத்தான் மென்பொருள் கட்டணம் போடுவார்கள். சிறப்பு பிராசஸரில் ஓடும் டேட்டாபேஸ் வேலை அந்தக் கணக்கில் வராது. ஆனால் எல்லா வேலையும் அங்கே போய்விடாது. எங்கள் சிறப்பு பிராசஸர் பெரும்பாலும் சும்மா நின்றது. கிளை அலுவலகங்களிலிருந்து நெட்வொர்க்கில் வரும் கேள்விகளுக்குப் பதில் தரும் புரொசீஜர்கள் என்ற சிறு புரோகிராம்கள் கோபோல் என்ற பழைய கணினி மொழியில் இருந்ததுதான் காரணம். அவற்றையே டேட்டாபேஸின் சொந்த மொழியான எஸ்க்யூஎல்லில் மாற்றி எழுதினால் பெரும்பகுதி அந்தப் பக்கம் போய்விடும்.

அவற்றை எழுதியவர் லூர்து மேரி. நான் விழுப்புரத்தில் ஏறும் தாம்பரம் ரயிலில் அவர் திண்டிவனத்தில் ஏறுவார். அப்பா அம்மா இருவரும் மயிலம் பக்கம் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போகிறவர்கள். தங்கையின் நர்சிங் படிப்பு இவர் சம்பளத்தில்தான் நடந்தது. மீட்டிங்கில் வைத்துச் சொல்ல மனம் வராமல் ரயிலிலேயே விஷயத்தைச் சொன்னேன்.

அவர் என்னிடம் கேட்டார்: "நான் எழுதினத நானே தூக்கிப் போடணும். அதுக்கப்புறம் என்னை எதுக்கு சார் வெச்சிக்கினு இருப்பாங்க?"

வைத்துக்கொள்வார்கள் என்று உறுதி சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன். செங்கல்பட்டு தாண்டிய பிறகு, எதை முதலில் எடுக்கலாம் என்று அவரே கேட்டார்.

அதிகம் ஓடும், பாலிசி விவரம் தரும் புரொசீஜரில் தொடங்கினோம். முதல் டெஸ்ட்டில், காலாவதியாகிப் புதுப்பித்த பாலிசிகளுக்குத் தொகை தப்பாக வந்தது. பழைய புரோகிராமை வரிவரியாகப் படித்து அவர் சரிசெய்தார். ஒவ்வொன்றாக லைவுக்குப் போகப் போக, பொது பிராசஸரின் உச்சம் இறங்கியது, கட்டணமும் குறைந்தது. மெயின்ஃப்ரேமை மூடும் பேச்சைக் கிளையன்ட் கைவிட்டது.

அடுத்த வாரமே டீமிலிருந்து விடுவிக்க வேண்டியவர்கள் என்று மேனேஜர் சொன்ன பெயர்களில் மேரியின் பெயரும் இருந்தது. "கோபோல் வேலைதான் முடிஞ்சிபோச்சேப்பா" என்றார். கெட்ட மனிதர் இல்லை. செலவு குறைந்தது பற்றி அவர் பார்த்த ரிப்போர்ட்டில் பிராசஸர் இருந்தது, மேரி இல்லை.

கிளையன்டுடன் நடக்கும் அடுத்த போன் மீட்டிங்கில் நானே பேசுவதாக இருந்தது. மேரி பேசட்டும் என்று கேட்டேன். மேனேஜர் தயங்கிவிட்டுச் சரி என்றார். மேரி எதை மாற்றினார், எதை ஏன் தொடவில்லை, அடுத்து எதை நகர்த்தலாம் என்று நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார். மறுமுனையில் இருந்த அம்மாள், அடுத்த கட்டத்தையும் இவரே பார்ப்பார் அல்லவா என்று கேட்டார். மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மைக்கை இழுத்து, "ஆமாம்" என்றார்.

அன்று திரும்பும் ரயிலில் மேரி எழுந்தார். "ஊட்டுக்குப் போன் பண்ணிட்டு வர்றேன் சார்" என்று கதவுப் பக்கம் போனார்.

செலவைக் குறைத்தோம் என்று ரிப்போர்ட் எழுதும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குறைத்தது யார் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து குறைக்கப்படுவது அவர்களாக இருக்கும்.